நுரையீரல், தீவிர சிகிச்சை வைத்தியப் பயிற்சி (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்மருத்துவத்தில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்த வைத்தியர், சுவாசகோச நோய்களிலும் உயிராபத்தான நிலையிலுள்ள நோயாளிகளின் பராமரிப்பிலும் விசேஷத் தேர்ச்சி பெறும்பொருட்டு மேற்கொள்ளும் ஃபெலோஷிப் இது. நுரையீரல் வைத்தியம் மட்டும் பயில்வோருக்கு இரண்டாண்டு போதுமெனினும், இரண்டையும் இணைத்து மூன்றாண்டு பயில்வதே பெருவழக்கு.

இதன் பூர்வ சரித்திரம் க்ஷயரோகத்தின் சரித்திரமேயாகும். சகோதரனை அந்நோய்க்குப் பறிகொடுத்து, பின்னர்த் தாமும் அதற்கு ஆளாகி, மரணம் நிச்சயமென்று எண்ணி 1873-இல் நியூயார்க் மாகாணத்து அடிராண்டாக் மலைக்காடுகளை அடைந்த எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ, அங்கே எதிர்பாராவண்ணம் உடல் தேறி, 1884-இல் சாரனாக் லேக் என்னும் சிற்றூரில் தோற்றுவித்த சானடோரியமே அந்நாட்டுச் சுவாசகோச வைத்தியர்களின் முதற் குருகுலம் எனலாம். காற்றும் ஓய்வும் போஷாக்குமன்றி வேறு ஔஷதம் அறியாத அக்காலத்தில், சானடோரியங்களில் பணிபுரிந்த வைத்தியர்களுள் பலர் தாமே நோயாளிகளாயிருந்தவர்கள். காலையில் பிறர் மார்பைச் சோதித்தவர் மாலையில் தம் உடற்சூட்டைக் குறித்துக்கொள்வார். 1915-இல் ட்ரூடோ காலமான மறுவருஷம் அவர் பெயரால் வைத்தியர்களுக்கெனப் பாடசாலையொன்று ஏற்பட்டது. 1905-இல் சானடோரிய வைத்தியர் அமைத்த சங்கமும் பின்னர் அவர் பெயரைப் பூண்டு, 1960-இல் அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியாயிற்று. 1941-இல் அமெரிக்க உள்மருத்துவ வாரியம் இத்துறைக்குப் பரீட்சை வகுத்தபோதும் அதன் தலைப்பு க்ஷயரோகம் என்றே இருந்தது.

ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் வந்த ஐசோநயாசிடும் சானடோரியங்களைக் காலியாக்கின. ட்ரூடோவினுடையது 1954-இல் மூடப்பட்டது. நோய் அகன்றதால் தொழிலும் அகலவேண்டிய வைத்தியர்களுக்குப் புதுவழி திறந்தவை இரண்டு. நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் வைத்தியர்கள் இருதயத்தினுள் குழாய் செலுத்தி, நுரையீரலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அளந்தமை ஒன்று. அதற்காக அவர்கள் ஜெர்மானிய வைத்தியர் ஃபோர்ஸ்மனோடு 1956-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்தனர். மற்றொன்று 1952-இல் கோபன்ஹேகனைப் பீடித்த இளம்பிள்ளை வாதம். மயக்கவியல் வைத்தியரான பியோர்ன் இப்சன், மூச்சு முடங்கிய நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக இரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றூட்டச் செய்து, சாவின் விகிதத்தை வெகுவாகக் குறைத்தார். டென்வரில் ஆஷ்பா, பெட்டி முதலிய வைத்தியர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு 1967-இல் வர்ணித்த கடுஞ்சுவாசச் சீர்குலைவும் செயற்கைச் சுவாசக் கருவியான வென்டிலேட்டரின் அருகிலேயே கண்டறியப்பட்டது.

தீவிர சிகிச்சை எத்துறைக்குரியது என்ற விவாதம் சிலகாலம் நிலவிற்று. பிட்ஸ்பர்க்கில் மயக்கவியலாளர் பீட்டர் சஃபார் பல துறையினரையும் ஒருங்கே பயிற்றுவித்தார். எனினும் செயற்கைச் சுவாசம் சுவாசகோச வைத்தியரின் அறிவோடு நெருங்கியதாதலின், 1987-இல் உள்மருத்துவ வாரியம் தீவிர சிகிச்சைக்குத் தனிப்பரீட்சை ஏற்படுத்தியபின் இரு பயிற்சிகளும் இயல்பாகவே இணைந்தன.

மூன்றாண்டில் குறைந்தது 18 மாதங்கள் நோயாளிகளிடையே கழியும்; எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு. பிராங்கோஸ்கோப் செலுத்துதல், மார்புநீர் வடித்தல், மூச்சுக்குழாயில் குழாயிடுதல் முதலியவை கைப்பழக்கமாதல் வேண்டும். மேற்கூறிய கடுஞ்சுவாசச் சீர்குலைவுடைய 861 நோயாளிகளிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், ஒரு மூச்சுக்கு உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று பெற்றோருள் 39.8 சதவீதத்தினரும், 6 மில்லிலிட்டர் பெற்றோருள் 31 சதவீதத்தினரும் இறந்தமை தெரியவந்ததால், காற்றைக் குறைத்தூட்டும் விவேகமே இப்போது முதற்பாடம். தற்காலத்தில் இடங்கள் தேசியப் பொருத்த முறையால் நிரப்பப்பெற்று, பயிற்சி பெரும்பாலும் ஜூலையில் தொடங்குகிறது.