வேட்டை நாயின் இடுப்பு

தபால் தலை சேர்க்கும் நண்பர் ஒருவர் தம் ஆல்பத்தைப் பிரித்து எனக்கு ஒரு தலையைக் காட்டினார். கடிதத்தில் ஒட்டுகிற தலை அல்ல அது. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் 1934 முதல் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய அநுமதி முத்திரை. இது 1959-ஆம் ஆண்டுக்கு உரியது. விலை மூன்று டாலர். வழக்கமாக அதில் வாத்துதான் கதாநாயகன். இதிலோ ஒரு கறுப்பு நாய், வாயில் வாத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது.

"இது யார், தெரியுமா?" என்றார் நண்பர். நாயை அவர் உயர்திணையில் சேர்த்துவிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

கிங் பக் என்று அதற்குப் பெயர். லாப்ரடார் ஜாதி. சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரிலும் சேற்றிலும் தேடி, பல் பதியாமல் கொண்டுவந்து கொடுப்பது அந்த ஜாதியின் தொழில். 1952-லும் 1953-லும் தேசியப் போட்டியில் வாகை சூடிய நாய். அதன் எஜமானர் ஜான் ஓலின். வின்செஸ்டர் துப்பாக்கியும் தோட்டாவும் செய்து விற்ற குடும்பம். இல்லினாய்ஸ் மாகாணத்தில் நாய்களுக்கென்றே ஒரு பண்ணை வைத்து, தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு 'நைலோ' என்று அதற்குப் பெயர் சூட்டினார். செல்வர்களின் ஹாஸ்யம் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடுகிறது.

ஆனால் அவரை நான் மதிப்பதற்கு வேறு காரணம் உண்டு. அவருடைய பிரியமான வேட்டை நாய்களில் ஒன்றுக்கு இடுப்பு மூட்டில் கோளாறு என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கோளாறை 1935-லேயே பாஸ்டன் நகரத்து மிருக வைத்தியர் ஷ்னெல்லி என்பவர் எழுதி வைத்திருந்தார். தொடை எலும்பின் தலை பந்து போன்றது. அது உட்கார இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். குட்டி பிறக்கும்போது இரண்டும் ஒழுங்காகவே இருக்கின்றன. வளர வளரப் பிடிப்புத் தளர்ந்து, பந்து ஆட ஆரம்பிக்கிறது. ஆட்டுக்கல்லின் குழியில் சரியாக உட்காராத குழவியை நினைத்துக்கொள்ளுங்கள். குழி ஆழப்படுவதில்லை; குருத்தெலும்பு தேய்கிறது; பிறகு வாதம்.

வேட்டை நாயிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டால் அது வலியை மறந்து ஓடும். மறுநாள் காலையில்தான் எழுந்திருக்கத் தடுமாறும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயலைப் போலத் தாவும். வண்டியில் ஏறத் தயங்கும். எஜமானர் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்வார்.

ஓலின் விசாரித்துப் பார்த்தார். தம் பண்ணைக்கு மட்டும் வந்த சாபம் அல்ல, ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் வளர்க்கிறவர்களும் இதே துயரத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களையும் வைத்தியர்களையும் கூட்டிவைத்துப் பேசினார். அதன் பலனாக 1966-ல் மிருகங்களுக்கான எலும்பு மூட்டு ஸ்தாபனம் ஒன்று பிறந்தது. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நீட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மூன்று நிபுணர்கள் தனித்தனியே படத்தைப் பார்த்து, ஏழு தரங்களில் ஒன்றைச் சொல்வார்கள். நாய்க்கு இரண்டு வயது நிரம்பியிருந்தால்தான் முடிவான சான்று.

இதில் உள்ள சங்கடத்தை யோசியுங்கள். வாகை சூடிய நாயின் குட்டிக்கு விலை அதிகம். படத்தில் குறை தெரிந்தால் அந்த வம்சத்தை அதோடு நிறுத்த வேண்டும். கோப்பையும் பதக்கமும் ஒரு பக்கம், ஓர் எக்ஸ்ரே படம் ஒரு பக்கம்! கெட்ட முடிவை வெளியிட எஜமானரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருப்பதால், நல்ல முடிவுகளே வெளியே அதிகம் தெரியவந்தன. மனித சுபாவம் பெட்டியைப் பூட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, நல்ல இடுப்புள்ள தாய் தந்தைக்கும் சில சமயம் குறையுள்ள குட்டி பிறந்துவிடுகிறது. பரம்பரை பாதிக் கதைதான்.

மற்றப் பாதி சாப்பாட்டில் இருக்கிறது. இதை நிரூபித்தது, நாய்த் தீனி விற்கும் ப்யூரினா கம்பெனி என்பது விசித்திரம். 1987-ல் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றது தின்பதில் முக்கால் பங்கே கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. வயிறு நிறையத் தின்றவற்றில் பாதி 11.2 வயதுக்குள் இறந்துபோயின. குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின. மூட்டு வாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ஏறக்குறைய மூன்று ஆண்டு தள்ளித்தான்.

இப்போது வலி குறைக்க நாய்க்கென்றே மாத்திரைகள் உண்டு. நமக்குள்ளதைக் கொடுத்தால் அதன் வயிறும் சிறுநீரகமும் கெடும். முடியாத நிலையில் செயற்கை மூட்டும் பொருத்துகிறார்கள். ஆனாலும் வைத்தியர் முதலில் சொல்வது எடையைக் குறைக்கத்தான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் பூராவும் ஓடவிடாமல், தினமும் அளவோடு நடக்கவும் நீந்தவும் விடச் சொல்கிறார்.

நானும் ஒரு நாய் வளர்த்தேன். மணி என்று பெயர். இலையில் மிஞ்சிய நெய்ச்சோறு அத்தனையும் அதற்குத்தான். எட்டாவது வயதில் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டது. கீழ்ப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். பாவம், வயசாகிவிட்டது என்று சொல்லி, நான் இறங்கிவந்து இன்னும் ஒரு கவளம் வைப்பேன்.