உதிரிப் பாகங்களில் ஒரு சரித்திரம்

இத்தாலிய நாட்டு மோட்டார் என்றதும் மும்பையில் வாழும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பியட் காராகத்தான் இருக்கும். குர்லாவிலிருந்த பிரீமியர் தொழிற்சாலையில் உருவாகி, பின்னாளில் பத்மினி என்று பெயர் பூண்டு, கறுப்பும் மஞ்சளுமாக அந்நகரத் தெருக்களில் வாடகைக்கு ஓடிய அந்தக் கார், 2023 அக்டோபரில் டாக்சிப் பணியிலிருந்து விடைபெற்றது. குடும்பத்தோடு ஏறிச் செல்வதற்கென அமைந்த அடக்கமான வண்டி அது. அதன் தாயகத்தில் ஏறத்தாழ அதே காலத்தில் வேறு வகையான கார் ஒன்றும் பிறந்தது. இரண்டே கதவுகள், தாழ்ந்து சரியும் கூரை, விரைவுக்கென்றே வடித்த உடல். இவ்வகைக் காரைக் கூப்பே என்பர். ஆல்பா ரோமியோ நிறுவனத்தார் 1954ஆம் ஆண்டு டூரின் கண்காட்சியில் வைத்த ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் என்னும் அந்தக் கூப்பேயைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அதன் அழகைப் புகழ்வது நம் நோக்கமன்று. அக்கார்களுள் பல இன்று முழு உருவில் இல்லை. ஒரு கொட்டகையில் உடல், மற்றொன்றில் எஞ்சின், வேறொருவர் வீட்டில் கதவுகள் என்று அவை பிரிந்து கிடக்கின்றன. அப்பாகங்களைத் தேடிச் சேர்த்து மீண்டும் ஒரு காரை எழுப்புகிறார்கள். அவ்வாறு எழுவது பழைய கார்தானா, அல்லது பழையதன் பெயரைச் சூடிய புதியதா? நாம் ஆராயப் புகுவது இக்கேள்வியையே.

முதலில் அதன் பிறப்பை அறிவோம். ஆல்பா நிறுவனம் 1910இல் மிலான் நகரில் தோன்றியது. 1933இல் அது இத்தாலிய அரசின் தொழில் மீட்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அதன் போர்தெல்லோ தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. போருக்குப் பின், செல்வர்க்கு மட்டும் விலையுயர்ந்த கார்களைச் செய்து பிழைக்க இயலாது என்று கண்ட நிர்வாகம், நடுத்தர மக்களுக்கான சிறிய காரொன்றைத் திட்டமிட்டது. அதற்குப் பணம் திரட்டக் கடன் பத்திரங்களை வெளியிட்டு, வாங்கியோர்க்குக் குலுக்கலில் கார் பரிசளிப்பதாகவும் வாக்களித்தனர். ஆனால் நான்கு கதவுள்ள கார் குறித்த காலத்தில் ஆயத்தமாகவில்லை. பத்திரம் வாங்கியோர் முணுமுணுக்கத் தொடங்கினர். கொடுத்த வாக்கைக் காப்பதற்காகவே, பெர்தோனே உடலமைப்புப் பட்டறையாரைக் கொண்டு கூப்பே ஒன்றை விரைந்து முடித்தனர். பிராங்கோ ஸ்காலியோனே அதன் உருவை வரைந்தார். நான்கு கதவுக் கார் மறு ஆண்டு, 1955இல்தான் வந்தது. தம்பி முந்திக்கொள்ள, அண்ணன் பின்னால் வந்த கதை இது.

அக்காரின் எஞ்சின் 1290 கன சென்டிமீட்டர் அளவினது. 65 குதிரைசக்தி உடையது. எஞ்சின் கட்டையே அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டர் தலைக்கு மேல் இரண்டு காம்தண்டுகள் சுழன்றன. பந்தயக் கார்களுக்கே உரியதாக அந்நாளில் கருதப்பட்ட இவ்வமைப்பு, சிறிய காரொன்றில் வந்தது மக்களை வியக்க வைத்தது. சிறிய எண்ணிக்கையில் செய்து முடிக்கலாம் என்று தொடங்கிய பெர்தோனே, தேவையைச் சமாளிக்கப் பட்டறையையே தொழிற்சாலையாக மாற்ற வேண்டியதாயிற்று. முடிவில் 20,000க்கும் மேற்பட்ட ஸ்பிரிண்ட் கார்கள் வெளிவந்தன.

இத்தனை கார்கள் எவ்வாறு உதிரிகளாயின? முதற் பகை துரு. இக்காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த உடலே சட்டகமாகவும் நிற்கிறது. கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதியில் நீர் தங்கினால், வெளியே வண்ணம் மின்னிக்கொண்டிருக்கையிலேயே உள்ளே எலும்பு அரித்துவிடும். இரண்டாம் பகை பந்தயம். விபத்தில் சிதைந்த காரின் எஞ்சினை எடுத்து மற்றொன்றில் பூட்டுவது அன்றாட வழக்கம். மூன்றாவது, மலிவு. பழைய காராகி விலை வீழ்ந்த ஆண்டுகளில், ஒன்றை ஓட்டுவதற்காக மற்றொன்றைக் கழற்றினர். எப்பொருளுக்கும் மதிப்புக் குறைந்த காலத்திலேதான் அதன் சரித்திரம் மிகுதியும் அழிகிறது.

இனி, அடையாளம் காணும் முறைக்கு வருவோம். ஆய்வாளர் முதலில் நாடுவது எண். எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையேயுள்ள தடுப்புத் தகட்டில் உடலின் எண் பொறிக்கப்பட்டுள்ளது. தொடக்க கால ஸ்பிரிண்ட் கார்களுக்கு அது 1493 என்று தொடங்கும். அதே குடும்பத்தின் கூரை திறந்த ஸ்பைடர் காருக்கு 1495 என்று தொடங்கும். எஞ்சினுக்குத் தனி எண் உண்டு. இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே காரில் சேர்ந்தவைதாமா என்பதைக் கார் தானே சொல்லாது. ஏடு சொல்ல வேண்டும். மிலானுக்கு அருகே அரேசேயில், ஆல்பா காட்சிசாலையை ஒட்டியுள்ள ஆவணக் காப்பகத்தில் உற்பத்தி ஏடுகள் உள்ளன. கார் உருவான நாள், முதல் வண்ணம் முதலிய குறிப்புகளை அங்கே பெறலாம். இத்தாலியில் 1927 முதல் நடந்து வரும் பொது மோட்டார் பதிவேடு, கார் யார் யார் கையில் மாறிற்று என்பதற்குச் சான்று தருகிறது.

ஏட்டுக்கு அடுத்த சான்று பொருள். 1950களின் இறுதியில் இக்காரின் இயந்திரப் பாகங்கள் பலவற்றை மாற்றியமைத்தனர். முந்திய வரிசையை 750 என்றும், பிந்தியதை 101 என்றும் குறிப்பர். முந்தியதன் கியர்ப் பெட்டி ஒரே கூடாக வார்க்கப்பட்டது. பிந்தியது இரு பாதிகளாகப் பிளந்து சேர்வது. ஆகவே 750 வரிசை உடலில் இரு பாதிப் பெட்டியைக் கண்டால், இடையில் எவரோ கைவைத்திருக்கிறார் என்பது தெளிவு. கதவும் பேசும். தொடக்க காலக் கார்களின் தகடுகளைக் கையால் தட்டிப் பொருத்தியதால், ஒரு காரின் கதவு மற்றொன்றின் வாயிலில் ஒழுங்காக அமராது. உள்ளலங்காரத் தகட்டின் பின்புறத்திலும் கருவிப் பலகைக்கு அடியிலும் முதல் வண்ணம் ஒளிந்திருக்கும். வெளிப்புறத்தைச் சிறிது தேய்த்தால், மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு உரிமையாளரின் வண்ணமும் வரிசையாகத் தோன்றும்.

சான்று இவ்வளவு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கார் விலை உயர்ந்ததும் பொய்யும் கூடவே உயர்ந்தது என்பதே விடை. அழிந்துபோன காரின் எண் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வேறோர் உடலில் அதைப் பொருத்துவோர் உண்டு. அழிந்ததாக எண்ணிய கார் பிற்பாடு வேறிடத்தில் கிடைத்தால், ஒரே எண்ணோடு இரண்டு கார்கள் உலவும். சாதாரண ஸ்பிரிண்டை, 1956இல் வந்த 90 குதிரைசக்தி வெலோசே என்று காட்டுவதும் உண்டு. இரண்டு பெரிய வெபர் கார்புரேட்டர்களைப் பூட்டிவிட்டால் வெலோசே ஆகிவிடாது. காப்பக ஏட்டின் சாட்சி வேண்டும். எண்ணை அராவி எடுத்துவிட்டாலும் உண்மை முற்றும் மறைவதில்லை. அச்சு இறங்கிய இடத்தில் எஃகு ஆழம்வரை இறுகியிருக்கும். அமிலம் தடவினால் அவ்விடம் வேறு விதமாக அரித்து, அழிந்த இலக்கம் மங்கலாக மீண்டும் எழுவதுண்டு.

எனினும், முதற்பிறப்பே உண்மை, பின் வந்ததெல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1956ஆம் ஆண்டு, பிரெஸ்சியாவிலிருந்து ரோம் சென்று மீளும் மில்லே மீலியா பந்தயத்தில், லெத்தோ தி பிரியோலோ சகோதரர்களின் ஸ்பிரிண்ட் வெலோசே விபத்தில் சிதைந்தது. அவர்கள் அதை மிலானிலுள்ள ஸகாத்தோ பட்டறைக்குக் கொண்டு சென்றனர். அங்கே அதற்கு எடை குறைந்த புதிய அலுமினிய உடல் அமைந்தது. அந்த உடல் பந்தயத்தில் சிறந்து விளங்கவே, வேறு சிலரும் தம் கார்களுக்கு அவ்வாறே செய்துகொண்டனர். 1960இல் ஆல்பா நிறுவனமே ஸகாத்தோ உடல் கொண்ட எஸ்.இஸட். காரை வெளியிட்டது. இத்தகைய காரொன்று இன்று பாகங்களாகக் கிடைத்தால், எண் பெர்தோனே உடலைக் குறிக்கிறதே என்று எண்ணி, ஸகாத்தோ உடலைக் களைந்து பழைய உருவுக்குத் திருப்புவது சரித்திரத்தைக் காப்பதாகுமா? ஆகாது; அதை அழிப்பதேயாகும். ஒரு காரின் வாழ்வு தொழிற்சாலை வாயிலோடு முடிவதில்லை.

சான்று திரண்ட பின்னரே சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டும். அதிலும் பொறுமை வேண்டும். துருவேறிய அடிப்பகுதிகளை இருபுறமும் ஒருங்கே வெட்டினால் உடல் முறுக்கிக்கொள்ளும். பின் எக்கதவும் பொருந்தாது. உட்புறம் முட்டுக் கொடுத்து, ஒரு புறம் முடிந்த பின்பே மறுபுறம் தொடுவர். நம்மூரில் டிங்கர் வேலை என்று சொல்லும் தகட்டு வேலையில் தேர்ந்தவர், பட்டி பூசிப் பள்ளத்தை மறைக்கமாட்டார், தட்டியே நிமிர்த்துவார். எஞ்சினில் மற்றொரு வசதி உண்டு. அலுமினியக் கட்டைக்குள் சிலிண்டர்கள் தனித்தனி இரும்பு உறைகளாகச் செருகப்பட்டுள்ளன. தேய்ந்த உறையைக் கழற்றிப் புதியதை இடலாம். எண் பொறித்த கட்டை அப்படியே நிற்கும். பழுது நீங்கும், அடையாளம் நீங்காது.

எதைக் காப்பது, எதை மாற்றுவது என்பதற்கு உலக அளவில் ஒரு நெறியும் வகுத்துள்ளனர். பழைய மோட்டார் வண்டிகளுக்கான அனைத்துலகச் சங்கம் 1966இல் தோன்றியது. அச்சங்கம் 2012இல் டூரின் சாசனம் என்பதை ஏற்றது. பழங்கட்டடங்களுக்காக 1964இல் எழுந்த வெனிஸ் சாசனமே அதற்கு முன்மாதிரி. உள்ளதைப் பேணுவது முதற் கடமை என்றும், புதுப்பிப்பது அதற்கு அடுத்ததே என்றும் அது கூறுகிறது. புதிதாகச் சேர்த்த பாகத்தைக் கண்ணை உறுத்தாத நிலையான குறியால் அடையாளப்படுத்த வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று.

இந்நெறி ஐரோப்பியரின் புதுக் கண்டுபிடிப்பு என்று நாம் எண்ண வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார், திருக்கோடிக்காவில் பழைய கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தார். பழங்கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டுவித்தபோது, இவை பழைய கல்லின் படிகளே என்பதையும் அங்கே பொறிக்கச் செய்தார். புதியதைப் பழையது என்று சொல்ல அவர் விரும்பவில்லை. பழையதை மறக்கவும் விரும்பவில்லை.

கோயிலுக்கும் காருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது உண்மைதான். ஆயினும் இரண்டும் மனிதர் கையால் ஆனவை. போர்தெல்லோவில் எஞ்சின் வார்த்தவரும், பெர்தோனே பட்டறையில் தகடு தட்டியவரும் தம் பெயரைக் காரில் எழுதிச் செல்லவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற ஒரே கையெழுத்து அவர்கள் செய்த பாகம். அதைத் தேவையின்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதியதை வைப்பவர், அக்கையெழுத்தை அழித்தவராகிறார். எஞ்சியதைக் காத்து, இல்லாததைப் புதிதாகச் செய்து, இது புதியது என்று மறைக்காமல் குறித்து வைப்பவரோ, பழைய காரை நமக்கு மீட்டுத் தந்தவராகிறார். அவர் கையில் எழும் காரைப் பழையது என்று அழைப்பதில் தவறில்லை.