கரைக்கு மண் சுமந்தவங்க

மலருக்கு வரலாறு ஏதாவது எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. கோயிலைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் ஏரிக்கரையைப் பற்றி எழுதறேன்.

ஏரிக்கரை என்பது மண்ணாலேயே கட்டிய சின்ன அணைதான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை மொத்தமும் ஊருக்குள் இறங்காமல் அது பிடித்து வைக்கும். வயலுக்கு மதகு வழியாகத் தண்ணீர் போகும்; ஏரி நிறைந்தால் மிச்சம் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு ஓடும். தண்ணீர் கரைமேல் வழிந்தால் போச்சு, மண்ணை அரித்து உடைத்துவிடும். ஒரு எலி வளை, நண்டு வளைகூடப் போதும், அதில் கசிந்து கசிந்து ஓட்டை பெரிதாகும். மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரிக்கும் ஆபத்து. கலங்கலில் மணல் மூட்டை அடுக்கி அடைக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்தது. வயிரமேக தடாகம் என்று பெயர். அந்த ஊர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. அப்படி வந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் நிற்க முடியாது. மாசாமாசம் கணக்கு நோட்டோடு உட்காருகிற நமக்கு இது நல்லாவே புரியும்.

ஆனால் வாரியத்துக்கு வர 35 முதல் 70 வயதுக்குள் இருக்கணும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும், வேதம் படித்திருக்கணும். அது பிராமணர் சபை. பெண்ணுக்கும் இடமில்லை, மண் வெட்டுகிறவருக்கும் இடமில்லை.

வேலையில் மட்டும் பங்கு உண்டு. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்றபோது, பிட்டு விற்ற வந்திக் கிழவியையும் விடவில்லையே! அது புராணம் என்றாலும், ஊர் வழக்கம் அதுதான். பிறகு அதையே குடிமராமத்து என்றார்கள். வெள்ளைக்காரன் 1858-ல் சட்டமே போட்டான். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கிற சனங்களைக் கட்டாயமாகக் கூப்பிடலாம், வராவிட்டால் தண்டனை.

2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்த பிறகு ஏரி தூர் வாரினதும் கரைக்கு மண் சுமந்ததும் பெரும்பாலும் நம்ம பெண்கள்தான். கூலி கிடைத்தது, நல்லது. முடிவெடுக்கிற இடம்? பாசன நிர்வாகத்துக்காக 2000-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நில உரிமையாளர்கள்தான் உறுப்பினர்கள். நம்மில் பலருக்குப் பட்டா வீட்டுக்காரர் பேரில் இருக்கு. பலருக்கு நிலமே இல்லை.

கிராம சபையில் அந்தக் கேள்வி இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அக்டோபர் 2 கூட்டம் சரியாக மழைக்கு முன்னாடி வருது. கரை எங்கே தாழ்ந்திருக்கு, எங்கே வளை இருக்கு, மதகுப் பலகை எந்த நிலையில் இருக்குன்னு மண் சுமந்தவங்களுக்குத் தெரியும். அதை அன்றைக்குத் தீர்மான நோட்டில் எழுத வைக்கணும்.