கல்முனைத் தொகுதியும் யாப்புத் திருத்தமும்

அமெரிக்க மாநிலமாகிய அயோவா படைக்கலம் ஏந்தும் உரிமையைத் தன் யாப்பிற் சேர்க்கப் பட்ட பாடு சிறிதன்று. அடுத்தடுத்த இரு சட்டமன்றங்கள் இசைய வேண்டும். பின்னர் மக்கள் வாக்களிக்க வேண்டும். 2018இல் நாளேட்டறிவித்தல் உரிய காலத்தில் வெளிவராமையால் முயற்சி முதலிலிருந்தே தொடங்கி, 2022இலேயே முற்றுப்பெற்றது. ஈழத்தில் துவக்கு வைத்திருத்தல் உரிமையன்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி பெறும் அனுமதி மாத்திரமே. வயற்காவலுக்குத் துவக்கு வேண்டும் கல்முனை விவசாயிக்கும் அனுமதிப்பத்திரம் தேவை. ஆயினும், யாப்பைத் திருத்துவது அரிதா எளிதா என்னும் வினா இக்கரையோரத்தாரையும் ஒருமுறை நேரே தீண்டியதுண்டு.

1965 மார்ச்சுத் தேர்தலிற் கல்முனை வாக்காளர் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிந்தனுப்பினர். முன்னர் தல்கொடப்பிட்டிய ஆணைக்குழு, கையூட்டுக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதெனக் கண்டோருள் அவரும் ஒருவர். அத்தகையோரின் குடியியல் உரிமைகளைப் பறிக்கும் 14ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டே நிறைவேறிற்று. அவரது ஆசனமும் வறிதாயிற்று. தம்மை உறுப்பினராக ஏற்குமாறு சபையின் கிளார்க்குக்கு எதிராக அவர் எழுத்தாணை கோரினார். உயர் நீதிமன்றம் மறுக்கவே, வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்தை அடைந்தது.

சோல்பரி யாப்பின் 29(4)ஆம் பிரிவின்படி, வராதோரையும் உள்ளிட்ட மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினர் ஆதரித்தமைக்குச் சபாநாயகரின் சான்று இருப்பின் யாப்பைத் திருத்தலாம். இச்சட்டத்திற்கு அச்சான்று இருந்தது. ஆனால், யாப்பைத் திருத்துவதாக அதில் ஒரு சொல்லுமில்லை. வாய்திறந்து சொல்லாத திருத்தம் திருத்தமாகுமா? ஆகும் என்றது 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு: யாப்போடு முரணும் சட்டம் உரிய பெரும்பான்மையுடன் நிறைவேறினால் யாப்பு அவ்வளவிற்குத் திருந்தியதேயாம். இது நீதி அதிகாரத்தைக் கைக்கொண்டதாகும் என்ற வாதமும் ஏற்கப்படவில்லை. 1965இல் லியனகே வழக்கில் அத்தகைய வாதம் வென்றமைக்கு, ஆங்கு அச்சான்று இல்லாமையும் ஒரு காரணமெனலாம்.

தருக்கத்தளவில் தீர்ப்பிற் குறைகாண்பது அரிது. எனினும், தம் வாக்கினாற் பிறந்த ஆசனம் வறிதானபோது நாட்டின் அடிப்படைச் சட்டமே மாறிற்றென்பதைக் கல்முனை வாக்காளர் அறிய வழியிருக்கவில்லை. காரியப்பர் குற்றவாளியா அல்லரா என்பதினும் இதுவே எமக்குப் பெரிதாகப் படுகின்றது. அயோவாவில் ஓர் அறிவித்தல் தவறியமை ஆண்டுகள் சிலவற்றை விழுங்கிற்று. ஈண்டோ அறிவிப்பே வேண்டப்படவில்லை.

1978ஆம் ஆண்டு யாப்பின் 82ஆம் உறுப்புரை, திருத்தச் சட்டமூலம் தன்னைத் திருத்தமெனத் தன் நெடுந்தலைப்பிலேயே கூற வேண்டுமென விதித்தது. வாயில் அடைபட்டதென எண்ணற்க. யாப்பைத் திருத்தாமலே அதனோடு முரணும் சட்டத்தை மூன்றிலிரு பங்கினரால் இயற்ற 84ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது.