நாகமலையடியில் ஒரு நாற்காலி: இரு தீர்ப்புகளின் ஒப்பாய்வு

மதுரைக்கு மேற்கே தேனி சாலையில் நாகமலையை ஒட்டி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகர். கிழக்கே மேலூர் சாலையில் யானைமலை அடிவாரத்தில் உயர் நீதிமன்றக் கிளை. ஊரை அழிக்க ஏவப்பட்டு, வழியிலேயே கல்லாய்ச் சமைந்தவை என்று திருவிளையாடல் கதை சொல்லும் மலைகள் இவை. தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் மு.வரதராசனாரும் வ.சுப.மாணிக்கனாரும் அமர்ந்த துணைவேந்தர் நாற்காலி மேற்கு மலையின் நிழலில் இருக்கிறது. அதில் யார் அமரலாம் என்ற வாதம் 2012க்குப் பிறகு நீதிமன்றப் படிகளை ஏறிவிட்டது.

இரண்டு நியமனங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று, 2012 ஏப்ரலில் பொறுப்பேற்ற கல்யாணி மதிவாணனுடையது. மற்றொன்று, 2017 மே மாதம் பொறுப்புக்கு வந்த பி.பி.செல்லத்துரையுடையது. முன்னதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014 ஜூனில் ரத்து செய்தது. பின்னதைத் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைமையிலான அமர்வு 2018 ஜூனில் ரத்து செய்தது. நான்கு ஆண்டு இடைவெளியில், அதே ஜூனில், அதே நாற்காலி. ஆனால் முடிவுகள் எதிரெதிர்த் திசையில் போயின. முன்னவரின் நியமனம் செல்லும் என்று 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னவர் அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை.

இரண்டு நியமனங்களும் ஒரே வாசல் வழியாக வந்தவைதாம். பல்கலைக்கழகத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் கொண்ட தேடல் குழு அமையும். ஆட்சிப் பேரவையாகிய செனட் ஒருவரையும், ஆட்சிக் குழுவாகிய சிண்டிகேட் ஒருவரையும், வேந்தராகிய ஆளுநர் ஒருவரையும் அனுப்புவார்கள். குழு மூன்று பெயர்களைத் தரும். ஆளுநர் ஒன்றைத் தேர்வார். பதவிக்காலம் மூன்று ஆண்டு. பல்கலைக்கழகமே தன் தலைவரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கையோடு எழுதப்பட்ட ஏற்பாடு இது. அந்த நம்பிக்கை எங்கே கசிந்தது என்பதில்தான் இரு வழக்குகளும் பிரிகின்றன.

முதல் வழக்கு ஆளைப் பார்த்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறை, துணைவேந்தராக வருபவர் பேராசிரியராகவோ அதற்கிணையான பதவியிலோ பத்தாண்டு இருந்திருக்க வேண்டும் என்றது. சென்னை எத்திராஜ் கல்லூரியில் இணைப்பேராசிரியராக இருந்தவர் கல்யாணி மதிவாணன். அந்தத் தகுதி அவருக்கு இல்லை என்றது மதுரைக் கிளை. இரண்டாம் வழக்கு தேடலைப் பார்த்தது. தேடல் குழு பெயர்களை உள்ளபடி அலசவில்லை, தக்க கலந்தாய்வு நடக்கவில்லை என்பது 2018 தீர்ப்பின் சாரம். அங்கே ஆளின் தகுதியை அளக்கக் கோல் இருந்தது. கோல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துமா என்பதே வழக்கு. இங்கே கோல் பற்றிய பேச்சைவிட, அளந்தார்களா என்ற கேள்வி முன்னே வந்தது.

உச்ச நீதிமன்றம் முதல் வழக்கில் சொன்ன விடை, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களை அந்த விதிமுறை தானாகக் கட்டாது என்பது. மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டால் அல்லாமல் அது வழிகாட்டுதலே. சட்ட நோக்கில் தெளிவான விடை. ஆயினும் பல்கலை நகரின் ஆசிரியர்கள் கேட்ட வேறொரு கேள்வி அதில் கரைந்துபோனது. பத்தாண்டு பேராசிரியர்களாக இருந்தவர்கள் பலர் இருக்க, குழு ஏன் இந்தப் பெயரை முன்வைத்தது? அதற்கு நல்ல காரணம் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை அந்தக் காரணம் பொதுவெளியில் வாசிக்கக் கிடைக்கவில்லை.

எதிர்பாராத உறவு இங்கேதான் தென்படுகிறது. ஒன்றில் தகுதி, மற்றொன்றில் நடைமுறை என்று பிரித்துப் படித்த பிறகும், இரண்டிலும் காணாமல்போயிருப்பது ஒரே பொருள்: ஏன் இவர் என்று குழு எழுதிவைத்த பக்கம். வென்ற வழக்கிலும் அது வெளிவரவில்லை, தோற்ற வழக்கிலும் வெளிவரவில்லை. வென்றதால் முன்னவரின் தேடல் நல்ல தேடல் என்று ஆகிவிடாது என்பதே என் கருத்து. அதைச் சோதிக்கவே இடமில்லாமல் வழக்கு முடிந்தது.

இரண்டாவது உறவு காலத்தில் இருக்கிறது. வெற்றித் தீர்ப்பு வந்தபோது கல்யாணி மதிவாணனின் மூன்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதமே மிச்சம். அவர் போனபின் நாற்காலி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்தது. செல்லத்துரை ஓராண்டு சொச்சத்தில் போக நேர்ந்தது. அதன்பின் மு.கிருஷ்ணன் வரும்வரை அரையாண்டுக்கு மேல் நாற்காலி காத்திருந்தது. நியமனம் வழக்கில் வென்றபின் பல்கலைக்கழகம், நியமனம் தோற்றபின் இருந்ததைவிட நெடுங்காலம் தலைவரின்றி இருந்தது! இதை முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

அந்த வெற்றியும் நெடுநாள் நிலைக்கவில்லை. குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில், 2022 மார்ச்சில், மானியக் குழு விதிமுறைக்கு மாறான துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலச் சட்டம் அதற்கு வழிவிட வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நியமனமும் வீழ்ந்தது. அங்கே தேடல் குழு ஒரே ஒரு பெயரைத்தான் பரிந்துரைத்திருந்தது. மதுரையின் முதல் வழக்கு எழுப்பிய விதிமுறைக் கேள்வியும், இரண்டாம் வழக்கு எழுப்பிய தேடல் கேள்வியும் கேரளத் தீர்ப்பில் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன.

கேரளத்தில் குற்றமான ஒற்றைப் பெயர், அமெரிக்காவில் பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 2025 மே மாதம் சாண்டா ஓனோவைத் தன் தலைவர் பதவிக்கு ஒரே இறுதி வேட்பாளராக அறிவித்தது. அறங்காவலர்கள் ஒருமனதாக ஏற்றார்கள். ஜூன் 3 அன்று, மாநிலப் பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கும் ஆளுகைக் குழு 10க்கு 6 என்ற வாக்கில் அவரை மறுத்தது. அங்கும் விண்ணப்பித்தவர்களின் பட்டியலைச் சட்டமே மறைத்து வைத்தது. ஆனால் மறுப்பு மட்டும் பகலில் நடந்தது. திறந்த கூட்டத்தில் அவரை எதிரே அமர்த்தி உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அந்தக் கேள்விகள் பல அரசியல் கேள்விகள், கல்விக்கு நன்மை செய்யாதவை என்பது என் எண்ணம். இருந்தும் எதற்காக மறுத்தார்கள் என்பதை ஒரு மாணவனும் கேட்டறிய முடிந்தது. மதுரையிலோ ஏற்றதற்கும் காரணம் தெரியவில்லை. மறுத்ததற்கான காரணத்தை நீதிபதிகள் எழுதித்தான் நாம் படித்தோம்.

இரு வழக்குகளுக்கும் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022இல் வந்த ஜெ.குமார் காலம் முடியுமுன்னே 2024இல் விலகினார். மறுபடியும் துணைவேந்தர் இல்லாமல், நிர்வாகத்தைக் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்புக் குழு. நிதி நெருக்கடியில் ஊழியர் ஊதியமும் முதியவர்களின் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போன காலத்தில், முடிவெடுக்க முழுநேரத் தலைவர் ஒருவர் இல்லை. உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் இருந்து பேருந்து ஏறிப் பட்டச் சான்றிதழுக்காக வரும் பிள்ளைக்கு இந்தச் சட்ட நுணுக்கம் எதுவும் தெரியாது. யார் கையொப்பம் என்பதுதான் தெரியும்.

பிறகு, நியமிப்பது யார் என்பதே வழக்கானது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2022 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறின. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவை சட்டமாயின. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆளுநர் கையா, அரசின் கையா என்று வாதம் நீண்டது. 2012இல் கேட்க மறந்ததும் 2018இல் கேட்டும் விடை வராததுமான அந்த ஒரு பக்கத்தைப் பற்றி, ஏன் இவர் என்று குழு எழுதும் பக்கத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்தவரை இரு தரப்பு வாதங்களிலும் பேச்சு இல்லை. எந்தக் கை நியமித்தாலும், மூன்று பெயர்களோடு மூன்று பத்திக் காரணங்களும் பல்கலை நகரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்க, செனட்டுக்கும் சிண்டிகேட்டுக்கும் இன்றும் உரிமை இருக்கிறது.