சந்திரகிரி மாளிகையும் சென்னை விடுதியும்

திருப்பதிக்கு மேற்கே ஏழெட்டுக் கல் தொலைவில் சந்திரகிரிக் கோட்டை உள்ளது. நம் சங்க அன்பர்களுள் அதனைக் காணாதார் இலர் எனலாம். அங்குள்ள ராஜமகால் மூன்றடுக்கு மாளிகை. மரத்தை நாடாது கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டே எழுப்பப்பெற்றது. விசயநகர வேந்தர் உலவிய கூடங்களில் இன்று தொல்பொருள் துறையினர் திரட்டிய சிலைகள் இருக்கின்றன. 1639இல் சென்னை நிலம் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற செய்தியை இம்மாளிகையோடு இணைத்துச் சொல்வது வழக்கம். அவ்வாறு பிறந்த சென்னையிலும் ஒரு பழங்கட்டடம் உண்டு. அரண்மனையன்று, ஓட்டல். ஆயினும் அதன் வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது.

1953 வரை சித்தூர் மாவட்டத்தார்க்குச் சென்னையே தலைநகர். வழக்குக்கும் வாணிகத்துக்கும் அங்குச் சென்ற நம் முன்னோர் கன்னிமாரா ஓட்டலின் பெயரைக் கேட்டிருப்பர். உள்ளே புகுந்தவர் மிகச் சிலரே. 1854இல் இரத்தினவேலு முதலியார் நடத்திய இம்பீரியல் ஓட்டலே அதன் முன்னோடி. பின்னர் ஆல்பனி என்றாகி, 1890இல் ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கிற்று. ஸ்பென்சர் கம்பெனியார் கைக்கு வந்தபின், 1930களில் பழைய தோற்றம் பெரிதும் மறைந்து, அக்கால மேனாட்டுப் புதுப்பாணியான 'ஆர்ட் டெகோ' வடிவம் எழுந்தது. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஒரு புதுப்பகுதியைச் சேர்த்தார்.

அண்மையில் விடுதியைப் புதுப்பித்து 2018இல் மீண்டும் திறந்தனர். மரபு கெடாமல் புதுப்பித்தல் என்கிறோமே, எந்த மரபு? முதலியார் காலத்துச் சுவரா, துரைமார் காலத்துக் கூடமா, பாவாவின் கைவண்ணமா? இன்று பழமை என்று போற்றப்பெறும் 1930களின் வடிவமே, அன்று பழமையை விழுங்கி வந்த புதுமைதான்! விருந்தினரோ குளிர்காற்றும் வெந்நீரும் வேண்டுவர். குழாயையும் கம்பியையும் பழஞ்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் செலுத்த வேண்டும். சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்டால் மூடினாலோ ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல்லை அரிக்கும். புதிதாகக் கட்டுதல் இதனினும் எளிது.

எளிய வழியை நாம் கண்டதுண்டு. திருமலைக் கோயிலின் எதிரே 15ஆம் நூற்றாண்டு முதல் நின்ற ஆயிரங்கால் மண்டபம் 2003இல் அகற்றப்பட்டது. அடியார் நெரிசல் மெய்யே. இடம் தேவைப்பட்டதும் மெய்யே. ஆனால் அத்தூண்களின் நிழலில் இளைப்பாறிய முதியோர்க்கு இன்றும் அவ்விடம் வெறுமையாகவே தோன்றுகிறது.

பயனில் இருக்கும் கட்டடத்துக்கு ஒரு நன்மை உண்டு. கூரை ஒழுகினால் அன்றிரவே விருந்தினர் முறையிடுவர். மறுநாள் கொத்தனார் வருவார். காட்சிச்சாலையாகிவிட்ட அரண்மனைக்கு அந்த வாய்ப்பில்லை. எனினும் கன்னிமாராவின் கூடத்தில் ஓரிரவு தங்கப் பெரும்பொருள் வேண்டும். ராஜமகாலிலோ சிறு கட்டணம் செலுத்திய உழவனும் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மன்னர் நடந்த தளத்தில் நடக்கிறான்.