இரண்டாகப் பிளந்த கீபோர்டு

1870-களில் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் டைப்ரைட்டரைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் கவலையெல்லாம் இரும்பைப் பற்றித்தான். ஒவ்வொரு கீயிலிருந்தும் ஒரு கம்பி உள்ளே போயாக வேண்டும். கம்பிகள் இடிக்காமலிருக்க, கீ வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கம்பிகள் போயின. வரிசைகள் மட்டும் நேராகவேயில்லை, தள்ளியே நின்றன. வலி மணிக்கட்டில் வந்து இறங்கியது.

1970-களில் பிரிட்டனில் டைப்பிங் கற்றுக்கொடுத்த லிலியன் மால்ட், ஸ்டீபன் ஹாப்டே என்ற பொறியாளரோடு சேர்ந்து கைக்கேற்ற கீபோர்டு ஒன்றைச் செய்தார். மால்ட்ரான் என்று பெயர். இரு கைகளுக்கும் தனித்தனிக் குழி, கட்டைவிரல்களுக்குத் தனிக் கீகள். உருவம் மாறியது. ஆனால், எந்தக் கீயை அழுத்தினால் என்ன வரும் என்று தீர்மானிக்கும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் கம்பெனி கையில்தான் இருந்தது. அந்தப் பூட்டை யார் உடைப்பது?

ஜப்பானில் ஜுன் வாகோ என்பவர் உடைத்தார். ஹாசு என்ற பெயரில் இயங்கிய அவர், தமக்குப் பிரியமான ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டுக்கு மாற்று கன்ட்ரோலர் செய்து, அதற்கான டிஎம்கே ஃபர்ம்வேரையும் எழுதினார். எழுதியதைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அது எங்கே போய்ச் சேரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

2011 வாக்கில் டாமினிக் போஷாம் என்ற ஆர்வலர், இரண்டு துண்டாகப் பிரிந்த எர்கோடாக்ஸை வடிவமைத்தார். உடனே ஒரு சிக்கல். மூளையான டீன்சி போர்டு வலது பாதியில். இடது பாதிக்கு அத்தனை ஒயர்களையும் இழுத்தால் கேபிள் கயிறு கனத்துக்கு வந்துவிடும். இடது பாதியில் ஒரு துணை சிப்பை வைத்ததும் 4 இழைக் கேபிளே போதுமானது. கிட்டாக வாங்கியவர்கள் கீக்கு ஒன்றாக டயோடுகளைச் சால்டர் செய்தார்கள். ஒரு டயோடு திரும்பிவிட்டாலும் அந்தக் கீ செத்துப்போகும். சால்டரிங் தெரியாதவர்களுக்கு இது எட்டாக்கனிதானா?

அமெரிக்காவில் ஜாக் ஹம்பர்ட், பிளாங்க் என்ற தமது குட்டிக் கீபோர்டுக்காக டிஎம்கேயைப் பிரதியெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். 2015-இல் எரெஸ் சுக்கர்மேன் எர்கோடாக்ஸை, எர்கோடாக்ஸ் ஈஇசட் என்ற தயார்நிலைப் பொருளாக விற்க முன்வந்தபோது, அதற்கு உயிர்கொடுத்தது ஹம்பர்ட்டின் அந்த ஃபர்ம்வேர்தான். பெயர் கியூஎம்கே.

இன்று எர்கோடாக்ஸ் ஈஇசட் வைத்திருப்பவர் தமக்கேற்ற கீ அமைப்பைக் கம்பைல் செய்து, வலது பாதியின் சின்ன ஓட்டையில் பேப்பர் கிளிப்பை நுழைத்து அழுத்துகிறார். கீபோர்டு ஒரு கணம் ஊமையாகிறது. சில நொடிகளில் புதிய ஃபர்ம்வேர் ஏறிவிடுகிறது. அதன்பின் ஒரே கீ, தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல். இரண்டையும் பிரித்தறிய கியூஎம்கே வழக்கமாக எடுக்கும் கெடு 200 மில்லி நொடி. அமைப்பில் தப்பு நேர்ந்தாலும் பயமில்லை. புதிய ஃபர்ம்வேரை ஏற்றும் பூட்லோடர் சிப்பின் தனி மூலையில் பத்திரமாக இருக்கிறது.

மணிக்கட்டுக்கு இதம் தந்தது பிளந்த உருவம். கீபோர்டை அதை வாங்கியவருக்கே சொந்தமாக்கியது, ஹாசு பூட்டாமல் விட்ட அந்த ஃபர்ம்வேர். அதன் வழிவந்த கியூஎம்கேயை இன்று நூற்றுக்கணக்கானோர் வளர்க்கிறார்கள். ஜிபிஎல் உரிமத்தின்படி, அதைத் திருத்தி விநியோகிப்பவர் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும்.